மாமூத் வேட்டைத் தடங்களைத் தேடி ஒரு நாள்: சான் பெட்ரோ பள்ளத்தாக்குச் சுற்றுலா, ஒரு மதிப்புரை

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோவிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் சான் பெட்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கில், பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்த மனிதர்கள் மாமூத் யானைகளை வேட்டையாடினார்கள் என்பதற்கான சான்றுகள் ஒன்றுக்கொன்று மிக அருகருகே கிடைத்திருக்கின்றன. நாக்கோ, லேனர் பண்ணை, மரே ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று அகழாய்வு இடங்களும் ஒரே நாளில் காரில் சுற்றி வந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தின் தொல்வரலாற்றைப் பேசும் எந்த நூலும் இந்த மூன்று பெயர்களைக் குறிப்பிடாமல் நகராது. டூசான் நகரிலிருந்து புறப்படும் ஒரு சிறு நிறுவனம் இப்பள்ளத்தாக்குக்கு ஒருநாள் சுற்றுலா நடத்துகிறது. சென்ற பிப்ரவரியில் மனைவியோடும் பதின்மூன்று வயது மகளோடும் அதில் சென்று வந்தேன். எங்களோடு சேர்த்து ஒன்பது பேர் ஒரு வேனில் பயணித்தோம். கட்டணம் பெரியவர்களுக்கு 120 டாலர், சிறுவர்களுக்கு 70 டாலர். மதிய உணவும், குளோவிஸ் (அந்த வேட்டைக்காரர்களின் பண்பாட்டுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர்) ஈட்டிமுனைகளின் வார்ப்புப் படிகள் எட்டு அடங்கிய பெட்டி ஒன்றும் அந்தக் கட்டணத்தில் அடங்கும்.

இந்தப் பயணத்தின் முதன்மையான இடமான மரே ஸ்பிரிங்ஸுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. சியரா விஸ்டா நகருக்கு அருகில், நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறையின் பொறுப்பிலுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில் அது இருக்கிறது. அரை கிலோமீட்டர் அளவிலான நடைபாதையும் விளக்கப் பலகைகளும் அமைத்திருக்கிறார்கள். யாரும் தாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்படியிருக்க, வழிகாட்டி ஒருவருக்குப் பணம் கொடுப்பது தகுமா என்பதுதான் இந்த மதிப்புரை படிப்பவருக்கு முதலில் எழும் கேள்வி. காலை நேரப் பயணத்துக்கு அது முழுக்கத் தகும். பிற்பகலுக்குத் தகாது.

காலையில் எங்களை அழைத்துச் சென்றவர், பள்ளியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மரே ஸ்பிரிங்ஸில் வேனை விட்டு இறங்கியதும், நாங்கள் பார்க்கப்போகும் இடத்தில் ஓர் எலும்புகூடக் கிடையாது என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அகழ்ந்தெடுத்தவை அனைத்தும் காப்பகங்களுக்குப் போய்விட்டன. மெஸ்கீட் மரங்களும் முட்புதர்களும் மண்டிய சமவெளியை அறுத்துக்கொண்டு போகும் ஒரு வறண்ட ஓடைதான் அங்கே மிச்சம். அவ்வளவு தூரம் வந்து இதைத்தானா பார்க்கப்போகிறோம் என்று எங்களோடு வந்த ஒருவர் முகம் சுளித்ததைக் கவனித்தேன். ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தப் பெரியவர் அந்த வெறும் ஓடைக்கரையை ஒரு ஏட்டைப் போல எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

ஓடையின் செங்குத்தான கரையில், வெளிர் நிற மண்ணுக்கு நடுவே, கரிக்கோடு இழுத்தாற்போல ஒரு கருநிறப் படலம் நீண்டு செல்கிறது. 'கறுப்புப் பாய்' என்று பொருள்படும் பெயரால் ஆய்வாளர்கள் அதை அழைக்கிறார்கள். நிலத்தடி நீர் மேலேறி இப்பகுதி ஈரச் சதுப்பாக இருந்த காலத்தில் பாசியும் மக்கிய தாவரப் பொருளும் களிமண்ணோடு கலந்து படிந்ததால் உருவானது அது. ஏறத்தாழ 12,800 ஆண்டுகளுக்கு முன் அது படியத் தொடங்கியது. அதன் அடியில் உள்ள தரைப்பரப்பில் மாமூத், குதிரை, ஒட்டகம், பனியுக ஓநாய் ஆகியவற்றின் எலும்புகளும் குளோவிஸ் மக்களின் கற்கருவிகளும் கிடைத்திருக்கின்றன. அதற்கு மேலே மாமூத் எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஒரு விரலை அந்தக் கோட்டின் மீது வைத்தால், விரலுக்குக் கீழே மாமூத் வாழ்ந்த உலகம், விரலுக்கு மேலே அது இல்லாத உலகம். பெரியவர் யாரையும் கரையைத் தொட விடவில்லை. காற்றிலேயே விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இவ்விடத்தை 1966-இல் கண்டறிந்தவர்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான்ஸ் ஹெய்ன்ஸும் பீட்டர் மெரிங்கரும். 1971 வரை அகழாய்வு நடந்தது. கறுப்புப் படலத்தை அடுக்கடுக்காக நீக்கிக்கொண்டே போனபோது, அதன் அடியில் மனிதர் நடமாடிய தரை, முந்தின நாள் விட்டுப்போனதைப் போலக் கலையாமல் இருந்தது. ஒரு வளர்ந்த பெண் மாமூத்தின் எலும்புக்கூடு அங்கே கிடந்தது. அகழாய்வுக் குழுவினர் அதற்கு எலோயிஸ் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதைச் சுற்றிலும் கற்கருவிகளைத் தீட்டியபோது சிதறிய செதில்கள் கிடந்தன. மண்ணில் அமுங்கிய வட்டக் குழிகளைக் கறுப்புக் களிமண் நிரப்பியிருந்தது. அளவிலும் அமைப்பிலும் யானையின் காலடிகளை ஒத்திருந்த அவை மாமூத்தின் தடங்கள் என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள். மாமூத் எலும்பில் செய்த ஒரு கருவியும் கிடைத்தது. ஒரு முனையில் வட்டத் துளை கொண்ட அந்த எலும்பு, ஈட்டித் தண்டை நுழைத்து வளைவு நிமிர்த்தப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 1968-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். சற்றுத் தள்ளி, பதினொரு காட்டெருமைகளைக் கொன்ற இடமும், வேட்டைக்காரர்கள் தங்கிய முகாமும் இருந்தன.

என் மகள் இங்கேதான் தன் கேள்வியைக் கேட்டாள். "அப்பா, அந்த யானை தானாகவே செத்துக் கிடந்திருக்கலாம் இல்லையா? இவர்கள் வந்து வெட்டித் தின்றிருக்கலாம் இல்லையா?" அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் நடப்பதை நிறுத்திவிட்டு, பாதையோரக் கல்லொன்றில் உட்கார்ந்துகொண்டார். இத்துறையிலேயே கடினமான கேள்வி அதுதான் என்றார். அடுத்த அரைமணி நேரம் அவர் தந்த விடைக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

அவர் சொன்னதன் சாரம் இது. யானைகள் வறட்சிக் காலத்தில் நீர்நிலைகளைச் சுற்றியே கூடுகின்றன, அங்கேயே சாகவும் செய்கின்றன. கேரி ஹெய்ன்ஸ் என்ற ஆய்வாளர் (மரே ஸ்பிரிங்ஸைக் கண்டறிந்தவர் வேறு, இவர் வேறு) ஜிம்பாப்வேயில் வற்றிய நீர்நிலைகளைச் சுற்றி மடிந்த யானைகளின் எலும்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மற்ற யானைகள் மிதித்துப் போவதால் அந்த எலும்புகள் முறிகின்றன. மணலில் உராய்ந்து கத்திக் கீறலைப் போன்ற கோடுகள் அவற்றில் விழுகின்றன. மனிதன் அருகிலேயே வராத இடத்தில்கூட, மனிதன் வெட்டியது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆகவே முறிந்த எலும்பையும் கீறலையும் மட்டும் காட்டி வேட்டை என்று சொல்லிவிட முடியாது. எலும்புகளோடு கற்கருவி கிடைத்தாலும், ஓடை நீர் இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்ததா என்று கேட்க வேண்டும். கருவிதான் அங்கே பயன்பட்டது என்று உறுதியானாலும், அது கொன்றதற்குச் சான்றா, செத்த உடலை அறுத்ததற்குச் சான்றா என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கும்.

இதனால்தான் 2002-இல் ஆய்வாளர்கள் டொனால்ட் கிரேசனும் டேவிட் மெல்ட்சரும், மனிதர் பனியுகப் பெருவிலங்குகளை வேட்டையாடியதாகச் சொல்லப்பட்ட 76 இடங்களைச் சல்லடை போட்டுச் சலித்தபோது, ஐயத்துக்கு இடமின்றித் தேறியவை 14 மட்டுமே. அவற்றுள் 12 மாமூத்துக்கு உரியவை, 2 மாஸ்டடான் என்னும் மற்றொரு யானையினத்துக்கு உரியவை. சான் பெட்ரோவின் இந்த மூன்று இடங்களும் அப்பட்டியலில் அடங்கும். எண்ணிக்கை இவ்வளவு குறைவா என்று வியப்பவர்களும் உண்டு; ஒரு சில நூற்றாண்டுகளே நிலைத்த ஒரு பண்பாட்டுக்கு இத்தனை இடங்கள் கிடைத்ததே பெரிது என்று வாதிடுபவர்களும் உண்டு. பெரியவர் இரு தரப்பையும் சொன்னார். தாம் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்வதையும் மறைக்கவில்லை.

எலோயிஸ் கொல்லப்பட்டதா, கிடந்து செத்ததா என்பதைத் தம்மால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் அவர் மகளிடம் சொன்னார். பிறகு காட்டெருமைகளின் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சான்று இன்னும் இறுக்கமானது. ஈட்டிமுனை எலும்பில் மோதும்போது அதன் நுனியிலிருந்து தெறிக்கும் செதில், கருவியைத் தீட்டும்போது உதிரும் செதிலிலிருந்து வேறுபட்டது. காட்டெருமைகளிடையே கிடைத்த அத்தகைய செதில், முகாமில் கிடைத்த ஈட்டிமுனையோடு பொருந்தியிருக்கிறது. முனை பாய்ந்து உடைந்ததும், உடைந்த ஈட்டியை முகாமுக்குக் கொண்டுபோய்த் தலையை மாற்றியதும் ஒரே கையின் வேலையாகக் கண்முன் நிற்கின்றன. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிற்பகலை இரண்டு கல் துண்டுகள் இப்படித் தைத்து வைத்திருப்பதை நினைத்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. என் மகள், "அப்போ எருமைக்குச் சரி, யானைக்கு இன்னும் தெரியாது" என்று தமிழில் சொல்லிக்கொண்டாள். அவள் புரிந்துகொண்ட அளவைப் பெரியவரிடம் சொன்னேன், அவர் மகிழ்ந்துபோனார்.

ஈட்டியைப் பற்றிய செய்முறையும் காலையிலேயே நடந்தது. குளோவிஸ் முனையின் அடிப்பகுதியில் இருபுறமும் நீள்பள்ளம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கும். தண்டில் பொருத்திக் கட்டுவதற்காக. அந்தப் பள்ளத்தைக் கவனமாகத் தட்டிப் பெயர்த்தெடுக்க வேண்டும். கை தவறினால் முனையே இரண்டாக உடைந்துபோகும். பெரியவர் தாமே செதுக்கிய முனை ஒன்றை நார் கட்டித் தண்டில் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். தொல்லியலாளர் ஜார்ஜ் ஃப்ரிசன் 1980-களில் ஜிம்பாப்வேயில், தொகைக் கட்டுப்பாட்டுக்காகச் சுடப்பட்ட யானைகளின் உடலில் குளோவிஸ் முனைகளின் படிகளைச் செலுத்திப் பார்த்து, அவை தோலைத் துளைத்து உள்ளே போகும் என்று காட்டியதை அவர் விளக்கினார். எறியீட்டியாக இம்முனைகள் அவ்வளவு ஆழம் பாயாது, கத்தியாகவே கூடுதலாகப் பயன்பட்டிருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் மறுத்திருப்பதையும் சொன்னார். ஈட்டியை எறியாமல், அடியை நிலத்தில் ஊன்றிச் சாய்த்துப் பிடித்து, பாய்ந்து வரும் விலங்கின் எடையையே அதன் மீது இறங்கவிட்டிருக்கலாம் என்று 2024-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்தும் பேச்சில் வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தண்டை ஊன்றிப் பிடித்துப் பார்த்தார்கள். தோள்வரை நான்கு மீட்டர் உயரம் எட்டக்கூடிய கொலம்பிய மாமூத்தின் முன் அப்படி நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை நூலில் படிப்பதைவிட அந்தத் தண்டைப் பிடித்தபோது நன்றாக உணர முடிந்தது.

மதிய உணவு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழங்களும் ரொட்டிச் சுருளும் தந்தார்கள். சைவம் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதியதால் அவரையும் காய்களும் வைத்த சுருள் எங்களுக்குக் கிடைத்தது. நன்றாகவே இருந்தது.

உணவுக்குப் பிறகு வழிகாட்டி மாறினார். அதோடு பயணத்தின் தரமும் மாறியது. இரண்டாமவர் இளைஞர், இனிமையாகப் பேசுபவர், ஆனால் சான்றுக்கும் கற்பனைக்கும் இடையிலுள்ள வேலியை அவர் மதிக்கவில்லை. நாக்கோவுக்கு அருகில் கிரீன்புஷ் ஓடையோரம் வேனை நிறுத்திவிட்டு, எட்டு வீரர்கள் எட்டு ஈட்டிகளோடு ஒரு மாமூத்தை வளைத்து வீழ்த்தி, அன்றிரவு அதை விருந்தாக்கிய கதையை நேரில் பார்த்தவர்போல விவரித்தார். உண்மையில் நாக்கோவின் சிறப்பே வேறு. 1951-இல் பிரெட் நவரேட்டேயும் அவர் மகன் மார்க்கும் அந்த ஓடையில் எலும்புகளையும் ஈட்டிமுனைகளையும் கண்டார்கள். தாங்களே தோண்டிக் கலைத்துவிடாமல் அரிசோனா மாநில அருங்காட்சியகத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். தொல்லியலாளர் எமில் ஹௌரி 1952 ஏப்ரலில் வந்து அகழ்ந்தார். ஒரே மாமூத்தின் உடலோடு மொத்தம் எட்டு முனைகள்; மண்டையோட்டின் அடியிலும் தோள்பட்டையருகிலும் விலா எலும்புகளிடையேயும் அவை கிடந்தன. ஆனால் உடலை அறுத்ததற்கான கருவிகளோ, அடுப்பின் தடமோ அங்கே இல்லை. எட்டு ஈட்டி வாங்கியும் தப்பியோடி, வேட்டைக்காரர்களின் கைக்கு எட்டாமல் வந்து விழுந்து செத்த விலங்காக அது இருக்கக்கூடும் என்ற விளக்கம் அதனால்தான் ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. மனிதன் மாமூத்தைத் தாக்கினான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது. தின்றான் என்பதற்கோ இங்கே சான்றில்லை. விருந்துக் கதையைவிட இந்த உண்மை எவ்வளவு நெஞ்சைத் தொடுகிறது! அதை ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

லேனர் பண்ணையைப் பற்றி வேனில் போகும்போதே பேசி முடித்துவிட்டார். எட்வர்ட் லேனர் என்ற பண்ணையாளர் 1952-இல் ஓடைக்கரையில் எலும்புகளைக் கண்டதும், ஹௌரி 1955–56-இல் அகழ்ந்து ஒன்பது மாமூத்துகளின் எலும்புகளையும் 13 ஈட்டிமுனைகளையும் அடுப்புத் தடங்களையும் எடுத்ததும் சரியாகவே சொல்லப்பட்டன. பிற்கால அகழாய்வில் மாமூத்துகளின் எண்ணிக்கை 13 ஆனது. பெரும்பாலும் இளம் விலங்குகள். அங்கே ஒரு தாய்வழிக் குடும்பமே ஒரே தாக்குதலில் அழிக்கப்பட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஜெஃப்ரி சாண்டர்ஸ் 1970-களில் அப்படி முன்மொழிந்தது உண்மை. ஆனால் அது ஒரு கருத்து. டென்ட் (கொலராடோ), மயாமி (டெக்சாஸ்), பிளாக்வாட்டர் டிரா (நியூ மெக்சிகோ) ஆகிய குளோவிஸ் இடங்களின் மாமூத் பற்களிலுள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து 2004-இல் கேத்ரின் ஹோப்பே வெளியிட்ட ஆய்வு, அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை, வெவ்வேறு நேரங்களில் மடிந்தவையாகவே தோன்றுகின்றன என்று கண்டது. அந்த முடிவு லேனர் பண்ணையைப் பற்றியது இல்லை என்றாலும், கூட்டக்கொலைக் கதையைச் சொல்பவர் அதைக் குறிப்பிடாமல் விடுவது முறையாகாது.

திரும்பும் வழியில் இருபது நிமிடம் வால்விண்மீனுக்குப் போயிற்று. கறுப்புப் படலம் படியத் தொடங்கிய நேரத்தில் ஒரு விண்பொருள் வெடித்து மாமூத்துகளை அழித்தது என்ற கருதுகோள் 2007-இல் முன்வைக்கப்பட்டது. மரே ஸ்பிரிங்ஸின் மண்ணும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இன்றுவரை கடுமையாக மறுக்கப்பட்டுவரும் அதை முடிந்த முடிவாகச் சொல்லிவிட்டார். காலையில் ஒரு விலங்கின் சாவைப் பற்றியே 'தெரியாது' என்று சொல்லக் கற்றுத்தந்த அதே பயணத்தில், மாலையில் ஓர் இனத்தின் அழிவுக்கு இவ்வளவு எளிதாக விடை சொன்னதை என் மகளே கவனித்துவிட்டாள்.

வார்ப்புப் படிகளுக்கு வருகிறேன். வடிவமும் அளவும் நன்றாக அமைந்திருக்கின்றன. அடிப்பள்ளங்களை விரலால் தடவி உணரலாம், செதில் பெயர்ந்த அலைத் தழும்புகள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. பிசினில் வார்த்தவை என்பதால் கல்லின் கனம் கைக்குத் தெரியவில்லை, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியின் மேல் 'நாக்கோவின் எட்டு முனைகள்' என்று அச்சிட்டிருக்க, உள்ளே இரண்டு படிகள் லேனர் பண்ணை முனைகளைப் போலத் தோன்றுகின்றன. லேனரில் ஒளி ஊடுருவும் படிகக்கல்லில் செதுக்கிய முனைகளும் கிடைத்தன. அவற்றையும் மற்றவற்றோடு சேர்த்து ஒரே சாம்பல் நிறத்தில் பூசியிருக்கிறார்கள். எந்த முனை எந்த இடத்திலிருந்து, உடலின் எந்தப் பகுதியருகே கிடைத்தது என்ற குறிப்பு ஒரு துண்டுத்தாளில் இருந்திருந்தால், அந்தப் பெட்டி பள்ளி வகுப்பறைக்கு ஒரு நல்ல பாடப்பொருளாகியிருக்கும். இதை நிறுவனத்துக்கு எழுதினேன். குறிப்புத்தாளைச் சேர்ப்பதாக மறுமொழி வந்தது. பிற்பகல் உரையைப் பற்றி நான் எழுதியதற்கு விடையில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். குளிர்காலத்திலும் அங்கே வெயில் உறைக்கும். தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். பாதை ஓடைக்குள் இறங்கி ஏறுவதால் முழங்கால் வலியுள்ளவர்கள் கோல் எடுத்துச் செல்வது நல்லது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, பார்க்க எலும்பு இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது கடினம். கருவியையும் எலும்பையும் நேரில் காண விரும்புபவர்கள், நாக்கோ, லேனர் அகழாய்வுப் பொருள்கள் டூசானில் அரிசோனா மாநில அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன என்பதை அறிந்து, எவை அப்போது காட்சியில் இருக்கின்றன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

மரே ஸ்பிரிங்ஸுக்கு மட்டும் போய்வரும் அரைநாள் பயணம் தனியாகவும் உண்டு; கட்டணம் பாதிக்குச் சற்று மேல். வார்ப்புப் பெட்டி அதில் சேராது. அதையும் அந்த நிலவியல் ஆசிரியரே நடத்துகிறார் என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வரும் குளிர்காலத்தில் ஊரிலிருந்து என் தம்பி குடும்பத்தார் வருகிறார்கள். அவர்களுக்கும் எங்களுக்குமாக ஏழு இருக்கைகளை அந்த அரைநாள் பயணத்துக்கே முன்பதிவு செய்திருக்கிறேன்.